எஃப்எஸ்டேப்

எஃப்எஸ்டேப் என்பது, லினக்ஸ் கணினி தொடங்கும்போது எந்த வட்டுப் பிரிவை எந்த அடைவில் ஏற்றவேண்டும் என்பதைக் குறிக்கும் உரைக் கோப்பு ஆகும். இது ஈடிசி அடைவில் உள்ளது. ஒவ்வொரு பிரிவுக்கும் ஆறு புலங்கள் கொண்ட ஒரு வரி எழுதப்படும்.

கணினி தொடங்கத் தாமதமாவதற்கு இக்கோப்பும் காரணமாகலாம். 2010 இல் வெளிவந்த சிஸ்டம்டி, இதில் குறிக்கப்பட்ட வட்டு காணப்படாவிடின் இயல்பாக 90 நொடிகள் காத்திருக்கும். பின்னரும் கிடைக்காவிடின் கணினி அவசரநிலை முனையத்தில் நின்றுவிடும். இதனை வன்தட்டின் பழுது என்று உடனே கொள்ளவேண்டியதில்லை. கழற்றப்பட்ட வெளி வன்தட்டு ஒன்றின் வரி கோப்பில் எஞ்சியிருந்தாலே போதும்.

நினைவக இடமாற்றுப் பிரிவில் (சுவாப்) நேர்வது சற்று வேறானது. அதே கணினியில் இரண்டாவது லினக்ஸ் வழங்கலை நிறுவும்போது அப்பிரிவு மீண்டும் வடிவமைக்கப்பட்டால், அதன் யூயூஐடி அடையாள எண் மாறிவிடும். முதல் வழங்கலோ பழைய எண்ணைத் தேடி, ஒவ்வொரு முறையும் 90 நொடிகளை வீணாக்கிய பின்னரே தொடங்கும். 'பிஎல்கேஐடி' கட்டளை காட்டும் புதிய எண்ணைக் கோப்பில் எழுதினால் இத்தாமதம் நீங்கும்.

எப்போதும் இணைக்கப்பட்டிராத வட்டுகளுக்கு நான்காம் புலத்தில் 'நோஃபெயில்' என்ற விருப்பம் சேர்க்கப்படுகிறது. அவ்வட்டு இல்லாவிடினும் தொடக்கம் தடைபடாது. கோப்பைத் திருத்துமுன் படியெடுத்து வைப்பதும், திருத்தியபின் மறுதொடக்கத்துக்கு முன்பே 'மவுண்ட் -ஏ' கட்டளையால் சோதிப்பதும் நன்று. ஓர் எழுத்துப்பிழையும் கணினியை அதே அவசரநிலையில் நிறுத்தக்கூடும்.