கல்லாவில் இருப்பவரையும் கவனியுங்கள்

"தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும்" என்பது பழமொழி. மூளைப் புற்றுநோய் கண்டவருக்குத் துணையிருப்பவரின் பாடு, தனக்கே வந்தாலும் வெளியில் சொல்ல வராது. ஓராண்டாக என் மனைவியைக் கவனித்து வருபவன் என்ற முறையில், வணிகப் பெருமக்களுக்குப் பயன்படும் சில செய்திகளை எழுதுகிறேன்.

இந்நோய் உடலோடு நிற்பதில்லை, சுபாவத்தையும் மாற்றும். கட்டி மூளையின் முன்பகுதியில் இருந்தால் கோபமும் சந்தேகமும் வரலாம். மூளை வீக்கம் குறையக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் மாத்திரையும் தூக்கத்தைக் கெடுக்கும், சர்க்கரையை ஏற்றும். அதற்காக டாக்டரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக் கூடாது.

முப்பது ஆண்டுகள் எங்கள் மண்டியில் பேரேடு எழுதியவள், இன்று "வசூல் பணத்தை எங்கே ஒளிச்சு வச்சீங்க?" என்று என்னைக் கேட்கிறாள். நோய்தான் பேசுகிறது என்று தெரிந்தாலும் மனம் வலிக்கிறது. வெளியில் சொன்னால் அவளுக்கு இழுக்கு என்று வாயை மூடிக்கொள்கிறோம். இரவெல்லாம் விழித்துவிட்டு, காலையில் சிரித்த முகத்தோடு சரக்கு நிறுக்கிறோம்.

கதிர்வீச்சு பெரும்பாலும் வாரத்துக்கு 5 நாள் வீதம் 6 வாரம் நடக்கும். அந்த 30 நாளும் கடையை யார் பார்ப்பது என்று முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள். அதனால் வலிப்பு நிற்காது. வாயிலும் எதையும் வைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள்.

கடையையும் வங்கிக் கணக்கையும் மனைவி பெயரில் வைத்திருப்போர் நம்மில் பலர். நோயாளிக்கு நிதானம் தெளிவாக இருக்கும்போதே கூட்டுக் கணக்கு, நாமினி, உயில் முதலியவற்றை முடித்துவிடுங்கள். பிறகு வாங்கும் கையெழுத்து செல்லுமா என்ற கேள்வி வரும்.

தமிழக அரசு 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்போரை வீட்டுக்கே வந்து கவனிக்கும் வசதி உண்டு. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். பார்க்க வருவோர் ஆப்பிளும் ஹார்லிக்சும் கொண்டு வருகிறார்கள். அந்த அன்புக்கு நன்றி. கூடவே, "அண்ணாச்சி, நீங்க போய் ஒரு மணி நேரம் தூங்குங்க, கல்லாவை நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்ல ஒருவர் இருந்தால், அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. உங்கள் தெருவில் அப்படி ஒரு கடைக்காரர் இருந்தால், இந்த வாரமே போய்க் கேளுங்கள்.