இரண்டு வகுப்பறை போதும், விண்வெளிக்குப் போய்வரலாம்

செஞ்சிப் பள்ளிப் பிள்ளைகள் ராக்கெட் ஏறாமல் விண்வெளிப் பயணம் போக முடியுமா? முடியும். ஒத்திகைப் பயணம் (நிஜம்போலவே நடத்திப் பார்க்கும் பயிற்சி) அதற்குத்தான்.

வெறும் விளையாட்டு என்று நினைக்காதீர்கள். 2024 நவம்பரில் இஸ்ரோவே லடாக்கின் லே நகரில் இப்படியொரு ஒத்திகையைத் தொடங்கியது.

பிள்ளைகளுக்கென்று யார் ஆரம்பித்தார்கள்? 1986இல் சேலஞ்சர் விண்ணோடம் சிதறி ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் பள்ளி ஆசிரியை. இறந்தவர்களின் குடும்பங்கள் தொடங்கிய அமைப்பின் முதல் பயிற்சிக்கூடம் 1988இல் ஹூஸ்டனில் திறந்தது. அங்கே வகுப்பில் பாதிப் பேர் விண்கலத்தில், மீதிப் பேர் தரைக் கட்டுப்பாட்டு அறையில். நடுவில் இடம் மாறிக்கொள்வார்கள்.

‘எங்களிடம் கருவி ஏது?’ என்பீர்கள். வேண்டியதில்லை. செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலையில் நிற்பவருக்குக் கிருஷ்ணகிரி மலை கண்ணுக்குத் தெரியும், அங்கிருந்து கூப்பிட்டால் கேட்காது. நமக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு: பேச்சு போக வேண்டும், முகம் தெரியக் கூடாது. அடுத்தடுத்த இரண்டு அறை, இரண்டு செல்போன் போதும்.

என்ன வேலை கொடுப்பது? 1970 ஏப்ரலில் நிலவுக்குக் கிளம்பிய அப்போலோ 13 விண்கலத்தின் ஆக்சிஜன் கலன் வெடித்தது. நிலவில் இறங்குவதற்கான கலத்துக்குள் அதில் போன வீரர்கள் மூவரும் ஒதுங்கினார்கள். விடும் மூச்சால் கார்பன் டை ஆக்சைடு (கரியமில வாயு) ஏறிக்கொண்டே போனது. அதை உறிஞ்சும் பெட்டி கையிருப்பில் இருந்தது. ஆனால் பெட்டி சதுரம், பொருத்த வேண்டிய இடமோ வட்டம்! கலத்தில் இருந்த பிளாஸ்டிக் பை, அட்டை, டேப் இவற்றைக் கொண்டே தரையிலிருந்தவர்கள் வழி கண்டுபிடித்து, வானொலியில் ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். மேலே இருந்தவர்கள் கேட்டுக் கேட்டுச் செய்து பிழைத்தார்கள்.

அதையே கொடுங்கள். இரண்டு அறையிலும் ஒரே மாதிரி சதுரப் பெட்டி, வட்டக் குழாய், அட்டை, டேப். தரை அறை முதலில் செய்து பார்த்துவிட்டு, போனில் சொல்ல வேண்டும். ஊதிப் பார்த்தால் காற்று கசியக் கூடாது. “அதை எடுத்து இதுல ஒட்டுடா” என்பவன் முதல் நிமிடத்திலேயே மாட்டுவான். “எதை? எதுல?” என்று கேள்வி திரும்பி வரும். சரியாகச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் உறைக்கும்.

சத்தமாகப் பேசும் பிள்ளையே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளாதா? எடுத்துக்கொள்ளும். நாசாவில் கலத்தோடு பேசும் பொறுப்பு பெரும்பாலும் ஒருவருக்குத்தான். அந்த வேலையை வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைக்குக் கொடுங்கள்.

பெரிய வகுப்பென்றால் செவ்வாய்ப் பயணமாக மாற்றலாம். அங்கே ஒரு சொல் போய்ச் சேரவே 3 முதல் 22 நிமிடம் ஆகும். எனவே போனை வாங்கி வைத்துவிட்டு, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் சீட்டு அனுப்பச் சொல்லுங்கள்.

இதனால் மார்க் கூடுமா? அப்படி வாக்குக் கொடுக்க மாட்டேன். இரண்டு பாடவேளை ஒதுக்குங்கள், பாதியில் இரு அணியையும் இடம் மாற்ற மறந்துவிடாதீர்கள்.