பச்சைப் பானையோடு நின்றுவிடும் பாடம்

பள்ளிகளில் களிமண் வகுப்பு பெரும்பாலும் ஒரு மதியத்தோடு முடிந்துவிடுகிறது. பிள்ளையாரும் அகல்விளக்கும் ஜன்னலோரம் காயும்; படம் எடுப்பார்கள்; சில நாளில் வெடிப்பு விட்டுக் குப்பைக்குப் போகும். 2020 தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் புத்தகப்பை இல்லாத 10 நாட்களை ஒதுக்கச் சொல்லி, பிள்ளைகள் பழகவேண்டிய கைத்தொழில்களில் மண்பாண்டத்தையும் சேர்த்திருக்கிறது. நல்லதுதான். ஆனால் மண் வேலையில் அறிவு கேட்கும் பகுதி, கை மண்ணை விட்ட பிறகே தொடங்குகிறது. காயவைத்துச் சூளையில் சுட்டு, உடைந்ததை எடுத்துப் பார்ப்பதுவரை போகாத வகுப்பைப் பொழுதுபோக்கு என்றே சொல்வேன்.

ஈரக் களிமண் காயும்போது சுருங்கும். பல மண் வகைகளில் நீளம் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டுப் பங்குவரை குறையும். விளிம்பு மெலிந்து அடி தடித்த பாத்திரத்தில் விளிம்பு முந்திக் காய்ந்து சுருங்கப் பார்க்கும். ஈரமான அடிப்பகுதி விடாது. அங்கே வெடிப்பு விழும். பச்சை ஓட்டில் 10 சென்டிமீட்டர் கோடு கிழித்து, காய்ந்ததும் ஒருமுறை, சுட்டதும் ஒருமுறை அளந்தால் சதவீதக் கணக்கு கைக்கு வந்துவிடும். சூளைக்குள் நடப்பது இன்னும் சுவாரசியம். ஈரம் போகாத தடித்த துண்டு, 100 டிகிரியைத் தாண்டும்போது உள்ளே எழும் நீராவியால் வெடிக்கும். 500, 600 டிகிரி வாக்கில் மண்ணின் கனிமத்தோடு பிணைந்திருந்த நீரும் வெளியேறும். அதன்பின் மண் மீண்டும் சேறாகாது. 573 டிகிரியில் மணலில் உள்ள குவார்ட்ஸ் உருமாறிச் சட்டென்று விரியும். ஆறும்போது அதே இடத்தில் சுருங்கும். சூளையை அவசரப்பட்டுப் பிரிக்காததற்கு இதுவும் ஒரு காரணம். பச்சைத் துண்டு ஒன்றையும் சுட்ட துண்டு ஒன்றையும் வாளித் தண்ணீரில் போட்டுவிட்டு மறுநாள் பார்த்தால், வேதிமாற்றம் என்றால் என்ன என்று தனியாக விளக்க வேண்டியிருக்காது.

சூளைக்குப் பணம் ஏது என்பார்கள். பள்ளிக்குச் சொந்தச் சூளை வேண்டியதில்லை. பக்கத்து ஊரில் சூளை வைப்பவரிடம் கூலி கொடுத்துச் சேர்த்துச் சுடலாம். காய்ந்த மண்தூசி நுரையீரலுக்கு ஆகாது என்பார்கள்; உண்மைதான். கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

கனமான ஆட்சேபம் சாதியைப் பற்றியது. 1953இல் ராஜாஜி அரசு கிராமத் தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்றது. குலக்கல்வி என்று எதிர்ப்பு வெடித்தது. 1954இல் காமராஜர் முதல்வரானதும் திட்டம் கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானது. சாதித் தொழிலிலேயே பிள்ளைகளைக் கட்டிப்போடும் என்ற அச்சம் இன்றும் வீண் அல்ல. ஆனால் அன்றைய திட்டத்தின் கோளாறு, தகப்பன் தொழிலையே மகனுக்கு ஒதுக்கியதிலும், அதற்காகப் படிப்பு நேரத்தை வெட்டியதிலும் இருந்தது. எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே மேசையில், அறிவியல் பாடவேளையிலேயே மண் பிசைவது அதற்கு நேர்மாறான ஏற்பாடு. பானை வனையும் வேளார் வீட்டுப் பையனை மட்டும் சக்கரத்தின் முன் உட்காரவைத்து, ‘உனக்குத்தான் கைவந்த கலையாயிற்றே’ என்று ஆசிரியர் பாராட்டினாலே இந்த ஏற்பாடு கெட்டுவிடும். மண் வினைஞரை ஆண்டுவிழாவுக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்துவதும் போதாது. வாரந்தோறும் வந்து கற்பிக்க மாதச் சம்பளம் தரவேண்டும். கட்டணப் பள்ளியில் அதே பாடவேளை கணினிக்கும், அரசுப் பள்ளியில் மட்டும் களிமண்ணுக்கும் என்று பிரிந்தால், எதிர்ப்பவர்கள் பக்கம்தான் நானும் நிற்பேன்.