எந்த அங்கிள்?

வாசற்கதவு தட்டப்படுகிறது. ஓடிப்போய்த் திறந்த ஐந்து வயதுப் பிள்ளை உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறது: "உம்மா, அங்கிள் வந்திருக்கிறார்!" அடுப்படியில் நிற்கும் நீங்கள் முந்தானையைத் தலைமீது இழுத்துவிட்டுக்கொண்டே, "எந்த அங்கிள்?" என்று கேட்கிறீர்கள்.

வந்திருப்பவர் உங்கள் உடன்பிறந்த தம்பியாக இருக்கலாம். கணவரின் தம்பியாக, தங்கையின் கணவராக, எதிர்வீட்டுக்காரராக, மின்சாரக் கணக்கெடுக்க வந்தவராகவும் இருக்கலாம். ஐவருக்கும் பிள்ளை வைத்திருப்பது ஒரே பெயர்தான்.

இச்சொல் பிறந்த கதை சுவையானது. பழைய உரோமர்கள் வாப்பாவின் சகோதரரைப் 'பத்ருவுஸ்' என்றும், உம்மாவின் சகோதரரை 'அவுன்குலுஸ்' என்றும் தனித்தனியே அழைத்தனர். பின்னதற்குச் 'சிறிய பாட்டனார்' என்பது பொருள். அதுவே பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து 'அங்கிள்' ஆயிற்று. 'ஆன்ட்டி'யின் மூலமான 'அமிதா' என்பதோ வாப்பாவின் சகோதரியை மட்டுமே குறித்தது. ஆக, வேரைத் தோண்டினால் அங்கிளும் ஆன்ட்டியும் சாட்சாத் நம் மாமாவும் மாமியுமே! நாம் நாகரிகம் என்று எண்ணி இறக்குமதி செய்த சரக்கு, நம் வீட்டில் ஏற்கெனவே இருந்ததுதான்.

ஆங்கிலேயரும் ஒரு காலத்தில் இந்த வேறுபாட்டைப் பேணியவர்களே. உம்மாவின் சகோதரருக்கு ஒரு சொல்லும் வாப்பாவின் சகோதரருக்கு வேறொரு சொல்லும் அவர்களது பழைய மொழியில் இருந்தன. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர். அதன்பின் பிரெஞ்சுச் சொற்கள் வெள்ளமாய்ப் புகுந்தபோது அவ்விரண்டும் வழக்கொழிந்தன. இன்று உம்மாவின் சகோதரர், வாப்பாவின் சகோதரர், மாமியின் கணவர், காலாவின் கணவர் ஆகிய அனைவருக்கும் அவர்களிடம் இருப்பது அந்த ஒற்றைச் சொல்லே.

இலண்டன் நகரத்துக் கொச்சை வழக்கில் அடகுக் கடைக்காரருக்கும் 'அங்கிள்' என்று பெயருண்டு. "கடிகாரம் அங்கிளிடம் இருக்கிறது" என்றால் விளங்கிக்கொள்ள வேண்டியதுதான். அமெரிக்காவின் தென்மாநிலங்களிலோ இச்சொல்லுக்கு ஒரு கசப்பான வரலாறு உண்டு. அங்கிருந்த வெள்ளையர், முதிய கறுப்பின மக்களை 'மிஸ்டர்' என்று மதித்து அழைக்க மனமின்றி, 'அங்கிள்' என்றே அழைத்துவந்தனர். 'அங்கிள் பென்ஸ்' என்ற புகழ்பெற்ற அரிசி நிறுவனம் 2020ஆம் ஆண்டில் தன் பெயரிலிருந்து அச்சொல்லை நீக்கிக்கொள்வதாக அறிவித்ததற்குக் காரணம் இதுவே. நம் தெருவில் மரியாதைக்காகச் சொல்லப்படுவது அங்கே மரியாதையை மறுப்பதற்காகச் சொல்லப்பட்டது!

சரி, அழைப்பதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அரபுநாட்டுப் பிள்ளைகளும் வழியிற் காணும் பெரியவரை 'அம்மூ' என்றுதானே அழைக்கின்றனர்? உண்மை. ஆனால் வீட்டுக்குள் அவர்களிடம் வாப்பாவின் சகோதரர் 'அம்மு', உம்மாவின் சகோதரர் 'கால்' என்ற பிரிவு மங்கவில்லை. திருக்குர்ஆனின் 'அந்நூர்' அத்தியாயம் 61ஆம் வசனத்தைப் புரட்டிப் பாருங்கள். தயக்கமின்றி உணவருந்தத்தக்க வீடுகளைச் சொல்லுமிடத்தில் அம்மு, அம்மத், கால், காலத் ஆகிய நால்வரின் வீடுகளும் தனித்தனியே எண்ணப்படுகின்றன.

நம் தமிழையும் இவ்விடத்தில் சற்று நேர்மையாக எடைபோட வேண்டும். உம்மாவின் சகோதரரும் மாமா. மாமியின் கணவரும் மாமா. முன்னவர் உங்கள் மகளுக்கு மஹ்ரம், பின்னவர் அல்லர். வாப்பாவின் தம்பியையும் உம்மாவின் தங்கை கணவரையும் சாச்சா என்றே அழைக்கும் குடும்பங்களிலும் இதே சிக்கல்தான். எனவே தமிழ்ச்சொல் வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று கூறமாட்டேன். எனினும் 'மாமா' என்னும்போது "எப்படி மாமா?" என்ற கேள்விக்கு ஒரு பிடியேனும் கிடைக்கிறது. 'அங்கிள்' அந்தப் பிடியையும் தருவதில்லை. பன்னிரண்டு வயதுவரை எல்லாரையும் அங்கிள் என்றழைத்து மடியிலேறி விளையாடிய பெண்பிள்ளையிடம் திடீரென்று ஒருநாள், "இவர் முன் வரலாம், அவர் முன் வராதே" என்றால், அவள் எதைக்கொண்டு இவரையும் அவரையும் பிரித்தறிவாள்?

பாகப்பிரிவினை என்று வந்துவிட்டாலோ இது வெறும் அழைப்புப் பெயராக நிற்பதில்லை. வாப்பாவுடன் உடன்பிறந்த சகோதரர் 'அஸபா' எனும் வாரிசு வரிசையில் இடம்பெறுபவர். தமக்கு முந்திய வாரிசுகள் இல்லாதபோது எஞ்சிய சொத்து அவரை வந்தடையும். உம்மாவின் சகோதரர் அவ்வரிசையிலேயே இல்லை. 'தவில் அர்ஹாம்' எனும் தூரத்து உறவினருள் ஒருவர் அவர். வெளிநாட்டில் இறந்துபோன ஒருவரின் உறவினர் பட்டியலை ஆங்கிலத்தில் எழுதி, 'அங்கிள் ஒருவர்' என்று மட்டும் குறித்து ஆலிமிடம் கொண்டுசென்றால், அவர் கணக்குப் போட எழுதுகோலை எடுக்கமாட்டார். "வாப்பா வழியா, உம்மா வழியா?" என்று கேட்டுவிட்டு, விடைக்காகக் காத்திருப்பார்.