திரையில் சரி, போர்டில் தவறு

கிகேட் போன்ற மென்பொருளில் சர்க்யூட் போர்டு வரையும்போது, ஒவ்வொரு பாகமும் உட்காரவேண்டிய செப்புத் தடத்துக்கு ஃபுட்பிரின்ட் என்று பெயர். பாகம் பொருந்தாவிட்டால் மென்பொருளைத்தான் திட்டுகிறோம். கோளாறோ பெரும்பாலும் டேட்டாஷீட்டைப் புரட்டாததில் இருக்கிறது. 0603 ரெசிஸ்டர் அங்குலக் கணக்கில் 1.6 மி.மீ. நீளம், மெட்ரிக்கில் அதே எண்ணுக்கு 0.6 மி.மீ.தான். பிசி547, 2என்3904 டிரான்சிஸ்டர்கள் பார்வைக்கு இரட்டையர். தட்டை முகத்தை நம் பக்கம் திருப்பினால் முன்னதன் இடது கால் கலெக்டர், பின்னதில் எமிட்டர்.

‘மென்பொருளின் விதிச் சோதனை பிழையே காட்டவில்லையே’ என்பார்கள். அது செப்புக் கோடுகளின் இடைவெளியை அளக்கும். கடையில் நீங்கள் வாங்கியது எது என்று அதற்கு எப்படித் தெரியும்? ஆர்டர் கொடுக்குமுன் வரைபடத்தை அசல் அளவில் அச்சிட்டு, பாகங்களை மேலே வைத்துப் பாருங்கள். கால் வரிசையை டேட்டாஷீட்டோடு ஒப்பிடுங்கள்.