மூன்றாம் அட்டவணை

1877ஆம் ஆண்டில் பேராக் மாநிலத்தின் கோலகங்சாரில் சில இரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னாளில் இரப்பர்ப் பயிரீடு இம்மாநிலத்தின் தோற்றத்தையே மாற்றியது. காடுகள் தோட்டங்களாயின. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் தோட்ட லயங்களில் குடியேறினர். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்பில், டோவன்பி, ஹீவூட் ஆகிய தோட்டங்களின் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் தாங்கி நிற்கின்றன. தோட்டத் துண்டாடல், செம்பனைப் பயிரீடு, வீடமைப்புத் திட்டங்கள் ஆகியவற்றால் தோட்ட மக்கள் பலர் ஈப்போ போன்ற நகரங்களுக்குப் பெயர்ந்தனர். லயங்கள் பல மறைந்தன. ஆயினும், “உங்கள் பாட்டி எந்தத் தோட்டம்?” என்ற கேள்வியை நாம் இன்றும் கேட்கிறோம்.

இக்கேள்விக்கு விடை தரும் இணையத்தளம் ஒன்றை ஒரு பள்ளியின் வரலாற்றுக் கழகம் உருவாக்குவதாக வைத்துக்கொள்வோம். தகவல்களைச் சேமிக்கத் தரவுத்தளம் தேவை. தரவுத்தளத்தில் தகவல்கள் அட்டவணைகளாக அமையும். மாணவர்கள் முதலில் ‘ஆள்’ என்னும் அட்டவணையை அமைக்கின்றனர். அதில் பெயர், பிறந்த ஆண்டு, தோட்டம் என மூன்று நிரல்கள் உள்ளன.

இங்குதான் சிக்கல் எழுகிறது. ஒரு பாட்டி எல்பிலில் பிறந்து, திருமணத்திற்குப் பின் டோவன்பியில் பால்மரம் வெட்டி, ஹீவூட்டில் ஓய்வு பெற்றிருக்கலாம். தோட்டத்திற்கு ஒரே ஓர் இடம்தான் உண்டு என்றால், மற்ற இரண்டு தோட்டங்களும் அவருடைய வரலாற்றிலிருந்து மறைந்துவிடும். மூன்று நிரல்கள் வைத்தாலும், ஐந்து தோட்டங்களில் வாழ்ந்தவருக்கு அவை போதா. எல்லாப் பெயர்களையும் ஒரே கட்டத்தில் எழுதலாமா? ஒருவர் ‘எல்பில்’ என்றும் மற்றொருவர் ‘எல்பில் எஸ்டேட்’ என்றும் எழுதினால், கணினி அவற்றை இரு வேறு பெயர்களாகவே கொள்ளும். தேடும் பேரனுக்குப் பாட்டி கிடைக்காமல் போகலாம்.

ஒருவர் பல தோட்டங்களில் வாழ்ந்தார். ஒரு தோட்டத்தில் பலர் வாழ்ந்தனர். இதனைப் ‘பல-பல உறவு’ என்பர். மாணவர்களுக்கும் புறப்பாடக் கழகங்களுக்கும் உள்ள உறவும் இத்தகையதே. தகவல்களை ஒன்றோடொன்று தொடர்புடைய அட்டவணைகளாக அமைக்கும் முறையை ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970ஆம் ஆண்டில் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார். அம்முறையில் இச்சிக்கலுக்கு எளிய தீர்வு உண்டு.

ஆள்களுக்கு ஓர் அட்டவணை, தோட்டங்களுக்கு ஓர் அட்டவணை. ஒவ்வோர் ஆளுக்கும் ஒவ்வொரு தோட்டத்திற்கும் தனித்தனி எண் கொடுக்கப்படும். மூன்றாவதாக ஓர் இணைப்பு அட்டவணை இருக்கும். பாட்டியின் எண் 7, எல்பிலின் எண் 1, டோவன்பியின் எண் 2, ஹீவூட்டின் எண் 3 எனில், அதில் 7–1, 7–2, 7–3 என மூன்று நிரைகள் இடம்பெறும். தோட்டத்தின் பெயர் ஒரே இடத்தில் மட்டும் எழுதப்படுவதால் எழுத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

இணைப்பு அட்டவணையை இரு திசைகளிலும் படிக்கலாம். ‘ஆள் 7’ உள்ள நிரைகளைத் தேடினால் பாட்டி வாழ்ந்த தோட்டங்கள் கிடைக்கும். ‘தோட்டம் 2’ உள்ள நிரைகளைத் தேடினால் டோவன்பியில் வாழ்ந்தோர் அனைவரும் கிடைப்பர். அவர் அங்கு வாழ்ந்த ஆண்டுகளையும் செய்த வேலையையும் இவ்வட்டவணையிலேயே குறிக்க வேண்டும். ஏனெனில், அத்தகவல் ஆளுக்கு மட்டும் உரியதன்று. தோட்டத்திற்கு மட்டும் உரியதுமன்று. அஃது இரண்டுக்கும் இடையிலான உறவுக்கு உரியது.

தகவலை மீட்டெடுக்கும்போது இரண்டு தவறுகளைத் தவிர்க்க வேண்டும். 200 பேரின் பட்டியலைக் காட்ட, முதலில் ஒரு வினவலும், பின்னர் ஒவ்வொருவரின் தோட்டங்களுக்கும் தனித்தனி வினவலும் அனுப்பினால், மொத்தம் 201 வினவல்கள் ஆகும். இணையப் பக்கம் மெதுவாகத் திறக்கும். கடைக்கு 200 முறை நடப்பதைவிட, எல்லாப் பொருள்களையும் ஒரே தாளில் எழுதிச் செல்வது நல்லதன்றோ? அதுபோல, 200 பேரின் தோட்டங்களையும் சேர்த்து ஒரே வினவலில் கேட்டால், இரண்டு வினவல்களே போதும். ஜாங்கோ போன்ற இணையச் செயலிக் கட்டமைப்புகளில் இதற்கான கட்டளை உண்டு.

அடுத்தது, ஒருவரே இருமுறை தோன்றுவது. ‘எல்பிலிலோ டோவன்பியிலோ வாழ்ந்தவர்கள்’ என்று தேடினால், இரண்டிலும் வாழ்ந்த பாட்டியின் பெயர் இருமுறை வரக்கூடும். எண்ணிக்கை தவறாகும். ஆகவே, ஒருவரை ஒருமுறை மட்டுமே காட்டும்படி வினவலில் குறிப்பிட வேண்டும்.

மாணவர்களே, எவ்வளவு சிறந்த தரவுத்தளமும் நாம் எழுதிவைத்ததை மட்டுமே திருப்பித் தரும். உங்கள் தாத்தா பாட்டியிடம் “எந்தத் தோட்டம்?” என்று மட்டும் கேட்காதீர்கள். “எந்தெந்தத் தோட்டங்கள், எந்தெந்த ஆண்டுகளில், என்ன வேலை?” என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் ஒவ்வொரு விடையும் மூன்றாம் அட்டவணையில் ஒரு நிரையாகும்.