கூரைமேல் ஒன்பது அயர்ன் பாக்ஸ்

திருப்பூர் காதர்பேட்டையில் பனியன் கடையில் வேலை பார்க்கும் ஒரு அக்காவின் லைன் வீட்டுக்குப் போன சித்திரையில் போயிருந்தேன். கடை அடைத்து அவர் வீடு வந்து சேர இரவு ஒன்பதரை. பத்துக்குப் பத்து அறை, மேலே சிமென்ட் அட்டை. "சுவத்தத் தொட்டுப் பாருங்க" என்றார். காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி இருந்தது. "படுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு குடம் தண்ணிய ஊத்தித் தொடச்சாத்தான் புள்ளைங்க கண்ண மூடுமுங்க."

அந்தச் சூடு எங்கிருந்து வந்தது என்று கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கிறது. சித்திரை உச்சி வெயில் ஒரு சதுர மீட்டரில் ஏறக்குறைய 1,000 வாட். பத்துக்குப் பத்து கூரை 9 சதுர மீட்டருக்குச் சற்று மேல். பனியன் கம்பெனியில் அயர்னிங் டேபிளில் நின்றவருக்கு உடனே புரியும்: 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் ஒன்பதைக் கூரைமேல் கவிழ்த்து வைத்ததற்குச் சமம். பழசாகிக் கறுத்த அட்டை இதில் பெரும்பகுதியை விழுங்கி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகக் கீழே இறக்குகிறது. ஃபேன் காற்றை நகர்த்துமே தவிர, இந்தக் கதிரைத் தடுக்காது. நம் தோலின் வெப்பம் சுமார் 35 டிகிரி. அறைக் காற்று அதைத் தாண்டிவிட்டால் வேர்வை உலரும் அளவுக்குத்தான் ஃபேனால் பலன். இரவில் அட்டை சீக்கிரம் ஆறிவிடும், சுவர் ஆறாது. தார்சு வீட்டிலோ, பகலெல்லாம் வாங்கிய வெக்கையைக் கான்கிரீட் பொழுது சாய்ந்த பிறகும் உள்ளே இறக்கிக்கொண்டே இருக்கும். ஷிப்ட் முடிந்து ஆட்கள் வீடு திரும்புவது அந்த நேரத்தில்தான்.

குளிர் நாடுகளில் இதே கணக்கு தலைகீழ்; அங்கே சூடு வெளியே போகாமல் காக்க வேண்டும். அமெரிக்காவில் 1976இல் வந்த சட்டப்படி ஏழை வீடுகளின் இடுக்குகளை அடைத்து, கூரைக்கும் சுவருக்கும் வெப்பத் தடுப்பு வைத்துக் கொடுக்கிறார்கள். 1981இல் ஹீட்டர் செலவுக்கும் தனி உதவி வந்தது. நம் ஊரில் வீட்டுக் கரண்டு குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம். அருமையான உதவிதான். ஆனால் லைன் வீடுகள் பலவற்றில் சப் மீட்டரைப் பார்த்து வீட்டுக்காரர் யூனிட் கணக்கில் வாங்கிக்கொள்வதால், குடியிருப்பவருக்கு அது முழுசாகச் சேர்வதில்லை. கரண்டு பில்லுக்கு இதாவது உண்டு. கூரைக்கு? 2023இல் தெலங்கானா, வெயிலைத் திருப்பி அனுப்பும் குளிர் கூரைக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. 2024இல் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. நான் பார்த்த லைன் வீட்டுக் கூரைகள் மட்டும் கறுத்தே கிடக்கின்றன.

இத்தனைக்கும் மருந்து நம் தாத்தா காலத்துச் சுண்ணாம்புதான். புதிதாக அடித்த வெள்ளை, வெயிலில் முக்கால் பங்கு வரை திருப்பி அனுப்பிவிடும். ஒன்பதில் ஆறு பெட்டியைக் கூரையிலிருந்து இறக்கி வைத்த மாதிரி. அறைச் சூடு இரண்டு மூன்று டிகிரி குறையும். பசை கலந்து அடித்தால் நிற்கும். ஆனாலும் ஐப்பசி மழையில் கரையும், தூசி படிந்தால் பலன் குறையும். அதனால் வருஷா வருஷம் மாசியில் அடிக்க வேண்டும்.

அடிப்பவர்கள் இரண்டு விஷயத்தில் கவனமாக இருக்க வேண்டும். பழைய அட்டையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும்; காய்ந்த அட்டையைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டினால் அந்த நார்த்தூள் நுரையீரலில் போய்த் தங்கிவிடும். நனைத்துத்தான் துடைக்க வேண்டும். அட்டைமேல் கால் வைக்கவே கூடாது, உடைந்து ஆளோடு இறங்கும். சிலர் சூட்டுக்குத் தடுப்பாகக் கூரைக்கு அடியில் பனியன் வேஸ்ட்டைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம், சட்டெனத் தீப்பிடிக்கும். 2023 ஜூனில் காதர்பேட்டை பனியன் கடைகள் எரிந்ததைப் பார்த்த ஊர் இது.

கூரை வீட்டுக்காரருடையது, வேர்வை குடியிருப்பவருடையது. அதனால்தான் இந்தச் சின்ன வேலை நடக்காமலே போகிறது. ஓர் அறைக்குச் சுண்ணாம்பும் கூலியும் ஒரு மாத வாடகைக்குள் அடங்கும். லைன் வீடு கட்டி விட்டிருப்பவர்களே, வருகிற மாசிக்குள் கூரைக்கு வெள்ளை அடித்துக் கொடுங்கள்.